ரின்னுக்குள் எத்தனை கிராம்? விசுவமடு விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

விசுவமடுவிலும் தர்மபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு முதலிய அயலூர்களிலும் கரப்பந்தாட்டம், உதைபந்தாட்டம், கிரிக்கெட் என்று கழகம் நடத்திக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கு,

குடியைப் பற்றி வன்னியில் பேசாதவர் இல்லை. கசிப்புக்கு எதிராகக் கூட்டம் வைக்கிறோம். கஞ்சாவுக்கு எதிராகப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு வீதி நாடகம் போடுகிறோம். சாராயம் தின்ற குடும்பங்களைப் பெயர் சொல்லாமலே சுட்டிக்காட்டுகிறோம். இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது பியர் மட்டும் வாசலுக்கு வெளியே நல்ல பிள்ளையாக நின்றுகொள்கிறது. "பியர்தானே" என்ற ஒரு சொல்லோடு அது தப்பிவிடுகிறது. சாராயம் குடிப்பவரை வீட்டில் ஏசுகிறவர்கள்கூட மகன் விளையாடிவிட்டு வந்து ஒரு பியர் அடித்தான் என்றால் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. சூட்டுக்கு நல்லது, சலக்கல்லைக் கரைக்கும், மெலிந்தவனுக்கு உடம்பு வைக்கும், வாற்கோதுமையில் செய்தது, மேல்நாட்டில் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள் என்று அதற்குக் கிடைத்திருக்கும் நற்சான்றிதழ்கள் பல. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதற்கே இந்த மடல். நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான்: உடம்பு பானத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே போகும் மதுசாரத்தின் கிராமைத்தான் பார்க்கிறது. அந்தக் கணக்கில், நம் பக்கத்துக் கடைகளில் விற்கும் பியர் சாராயத்தின் தம்பி அல்ல, இரட்டைப் பிறவி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், பாடசாலைக் கணிதம் போதும். இலங்கையில் விற்பனையாகும் பியரில் பெரும்பங்கு 'ஸ்ட்ரோங்' வகை. அதில் அதிகம் விலைப்படுவதன் ரின்னில் 8.8 வீதம் மதுசாரம் என்று அச்சிட்டிருக்கும். 500 மில்லிலீற்றர் ரின்னில் 8.8 வீதம் என்றால் 44 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். மதுசாரம் தண்ணீரைவிட இலேசானது. ஒரு மில்லிலீற்றர் 0.79 கிராம் நிறை. ஆகவே ஒரு ரின்னில் ஏறத்தாழ 35 கிராம். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் என்றால் 43 கிராம். இனிச் சாராயத்தைப் பாருங்கள். 33.5 வீதச் சாராயத்தில் 35 கிராம் மதுசாரம் சேர 130 மில்லிலீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். அதாவது, ஒரு ஸ்ட்ரோங் ரின் குடித்தவர் கால்ப்போத்தல் சாராயத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் குடித்திருக்கிறார். இரண்டு ரின் குடித்தவர் கால்ப்போத்தலை முடித்துவிட்டு அடுத்ததைத் திறந்திருக்கிறார். ஆனால் மைதானத்து மரநிழலில் கால்ப்போத்தலை வைத்துக்கொண்டிருப்பவரைப் பார்க்கும் கண்ணோடு நாம் பியர் ரின் வைத்திருப்பவரைப் பார்ப்பதில்லை. பனங்கள்ளோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. நொதித்த கள்ளில் மதுசாரம் ஐந்து வீதத்தை அண்டி நிற்கும். அது பருவத்துக்குத்தான் கிடைக்கும், ஒரு நாளுக்குமேல் நின்றால் புளித்துக் கெடும், பெரும்பாலும் தவறணைக்குப் போய்த்தான் குடிக்க வேண்டும். பியருக்கு இந்த வேலிகள் ஒன்றும் இல்லை. கள்ளு நல்லது என்று சொல்ல வரவில்லை. கள்ளுப்போல ஒன்று என்று எண்ணிக் குடிப்பது அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வலுவானது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த 35 கிராம் உள்ளே போனபின் என்ன நடக்கிறது? வளர்ந்த ஆணின் ஈரல் மணித்தியாலத்துக்கு ஏழெட்டுக் கிராம் மதுசாரத்தைத்தான் எரித்துத் தள்ளும். கோப்பி குடித்தாலும் குளித்தாலும் தேசிக்காய் சப்பினாலும் இந்த வேகம் கூடாது. ஆகவே ஒரு ரின் முழுதாகக் கழிய நாலைந்து மணித்தியாலம், இரண்டு ரின் கழிய ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல். இரவு பத்து மணிக்கு இரண்டாவது ரின்னை முடித்தவர் காலை ஆறு மணிக்கு வயலுக்கோ வேலைக்கோ புறப்படும்போது இரத்தத்தில் இன்னும் மிச்சம் ஓடிக்கொண்டிருக்கலாம். 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோங் ரின், வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால், 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் அளவை நெருங்கப் போதும். வாகனம் ஓட்டுவோருக்கு நம் நாட்டுச் சட்டம் நீண்டகாலமாக வைத்திருக்கும் எல்லையும் அதே 80 மில்லிகிராம்தான். இரண்டாவது ரின்னோடு அந்த எல்லை வெகு தூரம் பின்னே போய்விடும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஆட்டம் முடிந்து, ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், தலைக்கவசம் இல்லாமல், குறுக்கே மாடு வரக்கூடிய இருட்டில் வீடு திரும்பும் பயணத்துக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். 2016 இல் உலகெங்கும் 20 முதல் 39 வயது வரையானோரின் மரணங்களில் 13.5 வீதத்துக்கு மதுசாரம் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஈரல் கெட்டு இறக்கும் வயது அல்ல அது. வீதியிலும் தண்ணீரிலும் சண்டையிலும் தற்கொலையிலும் போகும் வயது.

நீங்கள் விளையாட்டு வீரர்கள் என்பதால் அடுத்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்த கையோடு குடிக்கும் பியர் களைப்பைப் போக்கும் என்பது பரவலான நம்பிக்கை. வியர்வையோடு போனது தண்ணீரும் உப்பும். தண்ணீரைத் தேக்கி வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஒரு சுரப்பை மூளை விடுகிறது. மதுசாரம் அந்தச் சுரப்பை அடக்கிவிடும். அதனால்தான் பியர் குடித்தவர் அடிக்கடி வேலிப்பக்கம் ஒதுங்குகிறார். மெல்லிய பியரில் இந்த இழப்புச் சிறிது. 8.8 வீதத்தில் அது அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. தசைக்கு என்ன நடக்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2014 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் உடற்பயிற்சியில் பழகிய எட்டு இளைஞர்களைக் கடுமையாகப் பயிற்சி செய்யவைத்து, பிறகு உடல் நிறையில் கிலோவுக்கு 1.5 கிராம் வீதம் மதுசாரம் கொடுத்துத் தசைத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பின் தசை தன்னைத் திருத்திக் கட்டும் வேலை, கூடவே போதிய புரதம் கொடுத்தபோதும் 24 வீதம் குறைந்திருந்தது. புரதத்துக்குப் பதில் மாச்சத்துக் கொடுத்தபோது 37 வீதம் குறைந்தது. எட்டே பேர்தானே, அளவும் பெரியதாயிற்றே என்று கேட்கலாம். எட்டுப் பேர் என்பது சிறிய தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவு உங்களுக்குப் பெரியதல்ல: 60 கிலோ நிறையுள்ளவருக்கு அது 90 கிராம், இரண்டரை ஸ்ட்ரோங் ரின். சுற்றுப்போட்டி முடிந்த இரவில் அது சாதாரணம். அன்று ஓடியதால் தசைக்குக் கிடைக்க வேண்டியதில் ஒரு பங்கை அன்றிரவே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

சூட்டுக்கு நல்லது என்ற சான்றிதழுக்கு வருவோம். பியரின் இலங்கைச் சரித்திரம் நுவரெலியாவின் குளிரில், வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் தாகத்துக்காக, 19 ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. குளிர்நாட்டான் குளிரில் குடித்ததை நாம் வன்னி வெயிலுக்கென்று குடிக்கிறோம். குளிர்ச்சி அந்த ரின்னை வைத்திருந்த பெட்டியினுடையது, பியரினுடையது அல்ல. சலக்கல் விடயம் இதைவிடச் சுவையானது, ஏனென்றால் அதில் ஓர் உண்மைத் துண்டு இருக்கிறது. அமெரிக்காவில் நாற்பத்தையாயிரம் ஆண் சுகாதாரத் தொழிலாளரைப் பின்தொடர்ந்து 1996 இல் வெளிவந்த ஆய்வில், நாளாந்தம் குடிக்கும் ஒவ்வொரு 240 மில்லிலீற்றர் பியருக்கும் சிறுநீரகக்கல் உண்டாகும் வாய்ப்பு 21 வீதம் குறைந்தது. பார்த்தீர்களா என்று துள்ள வேண்டாம். அதே ஆய்வில் தேநீருக்கு 14 வீதமும் கோப்பிக்கு 10 வீதமும் குறைந்திருந்தது. சலம் அதிகம் போனால் கல் சேராது, அவ்வளவுதான் சங்கதி. அதே ஆண்டில் இத்தாலியில் ஒருமுறை கல் வந்த 199 பேரில் பாதிப் பேரை வெறும் தண்ணீரை நிறையக் குடிக்கவைத்து ஐந்து ஆண்டு பார்த்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 வீதத்தினருக்கும் வழமைபோல் குடித்தவர்களில் 27 வீதத்தினருக்கும் கல் திரும்ப வந்தது. தேத்தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் இலவசமாகச் செய்யும் வேலைக்குப் பியர் எதற்கு? இன்னொன்றையும் கேளுங்கள். அந்த அமெரிக்கச் சுகாதாரத் தொழிலாளர்களின் அதே கூட்டத்தைப் பன்னிரண்டு ஆண்டு பார்த்து 2004 இல் வேறோர் ஆய்வு வந்தது. நாளுக்கு ஒரு பியர் என்ற கணக்கில் குடித்தவர்களுக்குக் கீல்வாதத்தின் ஒரு வகையான கவுட் நோய் வரும் வாய்ப்பு 49 வீதம் கூடியிருந்தது. கடுமையான மதுவகைகளுக்கு அது 15 வீதம்தான். வைனுக்குக் கூடவே இல்லை. பியரிலுள்ள பியூரின் என்ற பொருள் உடம்பில் யூரிக் அமிலமாக மாறி மூட்டுகளில் படிவதே இதற்குக் காரணம் என்கிறார்கள். பெருவிரல் மூட்டில் நெருப்பாய் எரியும் இந்த நோய் விடயத்தில் பியர் சாராயத்தைவிட மோசம். அதே யூரிக் அமிலம் ஒருவகைச் சிறுநீரகக்கல்லுக்கும் மூலப்பொருள். காரணம் முழுதாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் பரவியிருக்க, வெயிலில் வேலை செய்து உடம்பு வற்றிப்போவதை ஆய்வாளர்கள் சந்தேகக் காரணங்களில் ஒன்றாக வைத்திருக்க, மதியத்துச் சூட்டுத் தாகத்தைப் பியரால் ஆற்றுவது நமக்குப் பொருந்தாத பழக்கம்.

ஈரலைப் பற்றிப் பயமுறுத்தும் படங்கள் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போய்விட்டது. அதனால் எண்ணோடு நிறுத்துகிறேன். வட இத்தாலியின் இரண்டு சிற்றூர்களில் ஏறத்தாழ 7,000 பேரைப் பரிசோதித்து 1997 இல் வெளியிட்ட ஆய்வு, மதுசாரத்தால் ஈரல் கெடும் வாய்ப்பு நாளுக்கு 30 கிராமுக்குமேல் போகும்போது தெளிவாக ஏறத் தொடங்குகிறது என்று கண்டது. உங்கள் ரின் 35 கிராம். நாளாந்தம் ஒன்று என்று வைத்துக்கொண்டாலே அந்த வாசற்படியைத் தாண்டியாயிற்று. எல்லாரையும் அது விழுத்தாது, மெய்தான்; ஆனால் நமது உடம்புக்கு வேறொரு பலவீனமும் உண்டு. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007 இல் பரிசோதித்த நடுவயதினரில் மூன்றில் ஒருவருக்கு, குடி காரணமாக அல்லாமலே, ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளும் தெற்காசிய உடல்வாகுக்கு அது பொதுவான குறை. அந்த ஈரலின் மேல் ஒவ்வொரு ரின்னும் மதுசாரத்தால் மட்டுமே 240 கலோரியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது, மாச்சத்து வேறு. மெலிந்தவனுக்குப் பியர் உடம்பு வைக்கும் என்பதன் பொருள் இதுதான்: வைக்கிறது, வயிற்றிலும் ஈரலிலும். பியரை மட்டுமே குடிப்பவருக்கு ஒன்றும் வராது என்ற வாதத்துக்கு விடை ஜெர்மனியில் 1884 இலேயே கிடைத்துவிட்டது. பியரை உணவாகவே கொண்டாடும் மியூனிக் நகரில், பெருமளவு பியர் குடித்து இறந்தவர்களின் வீங்கித் தளர்ந்த இதயங்களை வைத்து ஒட்டோ பொலிங்கர் என்ற நோயியல் மருத்துவர் 'மியூனிக் பியர் இதயம்' என்றொரு நோயையே விவரித்தார்.

புற்றுநோயைப் பற்றி ஒரு செய்தி, அதிலும் நம் ஊருக்கு உரிய பகுதி மட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மதுபானங்களை 1988 இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்ற முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பியர், வைன், சாராயம் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. மதுசாரம் உடம்பில் அசற்றல்டிகைட் என்ற நஞ்சாக மாறித்தான் எரிகிறது. அந்த மாற்றம் ஈரலில் மட்டுமல்ல, வாயிலுள்ள பக்டீரியாக்களாலும் அங்கேயே நடக்கிறது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். பாக்கும் புகையிலையும் அதே முதல் வகுப்பில்தான் இருக்கின்றன. பியர் ஒரு கையிலும் பாக்குப் பைக்கற்று மறு கையிலும் வைத்திருப்பவருக்கு இரண்டு ஆபத்தும் கூட்டிக் கிடைப்பதில்லை, பெருக்கிக் கிடைக்கிறது. புண்ணாகித் தேய்ந்த வாய்த்தோலுக்குள் மற்ற நஞ்சுகளை ஊற வைக்கும் கரைப்பானாகவும் மதுசாரம் வேலை செய்கிறது.

இதுவரை சொன்னதற்கு எதிர்க்கேள்விகள் இருக்கும். அவற்றில் படித்தவர்கள் எழுப்புவது: அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று விஞ்ஞானம் சொல்கிறதே? சொல்லிக்கொண்டிருந்தது. சிறிதளவு குடிப்பவர்கள் அறவே குடிக்காதவர்களைவிட அதிக காலம் வாழ்வதாகப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்தக் 'குடிக்காதவர்' பட்டியலுக்குள் ஏற்கெனவே குடித்து, உடல்நலம் கெட்டு, அதனால் விட்டவர்களும் இருந்தார்கள். நோயாளிகளைக் குடிக்காதவர் என்று எண்ணினால் குடிப்பவர் ஆரோக்கியசாலியாகத்தான் தெரிவார். இந்தப் பிழையையும் வேறு பிழைகளையும் திருத்தி, 107 ஆய்வுகளில் இருந்த 48 இலட்சம் பேரின் தரவுகளை 2023 இல் மீண்டும் கணக்கிட்டபோது அந்த நன்மை பொருட்படுத்தும் அளவில் மிஞ்சவில்லை. இதை ஐயம் திரிபற அறியவென்று அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவகம் தொடங்கிய பெரும் பரிசோதனை ஒன்று 2018 ஜூனில் நிறுத்தப்பட்டது. அதற்கான பணத்தில் பெரும்பகுதியை மதுபானக் கம்பனிகளே தர ஒப்புக்கொண்டிருந்ததும், ஆய்வின் வடிவமே நல்ல முடிவு வரும்படி சாய்ந்திருந்ததும் வெளியே வந்ததுதான் காரணம். பணம் தர முன்வந்தவற்றில் ஹைனெகன், கார்ல்ஸ்பேர்க் ஆகிய பியர் கம்பனிகளும் இருந்தன. இலங்கையின் மிகப்பெரிய பியர் கம்பனியில் பங்கு வைத்திருப்பதும் அதே கார்ல்ஸ்பேர்க் குழுமம்தான். நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 இல் 'லான்செற்' இதழில் வந்த உலகளாவிய கணிப்பு, 40 வயதுக்கு மேற்பட்ட, வேறு நோய் இல்லாத சிலருக்குச் சிறிதளவு மதுசாரம் சிறு நன்மை தரலாம் என்று ஒதுக்கிவைத்தது. ஆனால் 15 முதல் 39 வயது வரையானோருக்குத் தீங்கில்லாத அளவு பூச்சியத்துக்கும் நாளுக்கு ஆறு கிராமுக்கும் இடையில்தான் என்றது. ஆறு கிராம் என்பது ஸ்ட்ரோங் ரின்னில் ஆறில் ஒரு பங்கு. ஒரு ரின்னை ஆறு பேர் பங்கிட்டுக் குடிக்கும் கழகம் எங்காவது இருந்தால் எனக்கும் பார்க்க ஆசை.

இரண்டாவது கேள்வி கனமானது: பியரைக் குறை சொல்லி என்ன, அது இல்லையென்றால் கசிப்புக்கல்லவா போவார்கள்? இந்த வாதம் தேநீர்க்கடையோடு நின்றுவிடவில்லை, வரவுசெலவுத் திட்டம் வரை போனது. 2017 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர மக்களைக் கடுமையான மதுவிலிருந்தும் சட்டவிரோத மதுவிலிருந்தும் பியர் பக்கம் திருப்பலாம் என்று சொல்லிப் பியர் மீதான வரியைக் குறைத்தார். கசிப்பில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை வீதம் என்பது காய்ச்சியவனுக்கே தெரியாது. அந்த அளவில் பியர் மேலானது என்பதை மறுக்க மாட்டேன். இருபது ஆண்டாகக் கசிப்பில் கிடப்பவர் பியருக்கு மாறினால் அவருக்கு நன்மைதான். ஆனால் உங்கள் கழகத்தில் பியர் குடிக்கத் தொடங்கும் பதினெட்டு வயதுப் பையன் கசிப்பிலிருந்து மாறி வந்தவனா? சோடாவிலிருந்து வந்தவன். அவனைப் பொறுத்தவரை பியர் கசிப்புக்கு மாற்று அல்ல, குடிக்கு முதல் படி. சாராயத்தின் நெடியைத் தாங்காத நாக்கையும், சாராயம் என்றால் பதறும் வீட்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வல்லது அது ஒன்றுதான். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்த மதுபானத்தையும் விற்கக் கூடாது. பியருக்கு விலக்கு இல்லை. எல்லாரும் குடிக்கிறார்கள் என்பதும் பொய். 2015 இல் நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், முந்திய மாதத்தில் மது அருந்திய ஆண்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் அந்த மாதம் குடிக்கவே இல்லை. அவர்கள் சத்தம் போடுவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. இதற்கிடையில், 2024 இல் வழங்கிய மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16 இருந்தன. தர்மபுரமே அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. நம் பக்கம் கடை திறக்க வருகிறவர்கள் உங்கள் வயதுக்காரரை எண்ணித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள்.

மறக்கத்தானே குடிக்கிறோம் என்ற மூன்றாவதைக் கேள்வி என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கிறது. 2009 போரில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் எதைச் சுமந்துகொண்டு எந்தத் திசைக்கு நடந்தோம் என்பது இங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். உங்களில் பலர் அப்போது கைக்குழந்தை, சிலர் பிறக்கவே இல்லை. ஆனாலும் வீட்டிலிருக்கும் பாரத்துக்குள்தான் வளர்ந்தீர்கள். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கின் போர்க்காயத்தைத் தனியாளின் நோயாக அன்றிச் சமூகம் முழுவதும் பட்ட வடுவாகப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார். குடியின் பெருக்கத்தையும் அந்த வடுவின் அடையாளங்களில் ஒன்றாகவே காண்கிறார். ஆகவே, மறக்கக் குடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை நியாயமற்றது என்று தள்ள எனக்கு வாய் வராது. மருந்து வேலை செய்கிறதா என்று மட்டும்தான் கேட்கலாம். மதுசாரம் தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், இரவின் முதற்பாதியில் கனவுத் தூக்கத்தை அமுக்கும். அது எரிந்து முடியும் பின்னிரவில், அமுக்கிய கனவெல்லாம் வட்டியோடு திரும்பி வரும். மூன்று மணிக்கு வியர்த்து நெஞ்சு அடிக்க எழும்புவதற்கு இது ஒரு காரணம். மறுநாள் மனப்பதற்றம் கூடுகிறது, அதை ஆற்ற அடுத்த ரின் வேண்டியிருக்கிறது. மனச்சோர்வு உள்ளவரிடம் திடீர் முடிவுகளைத் தடுக்கும் கடிவாளத்தையும் அது தளர்த்திவிடுகிறது. தற்கொலைகளுக்குப் பின்னால் விசாரித்தால் குடி அடிக்கடி அகப்படுவது அதனால்தான். பாரம் உண்மையானது, அதை இறக்கிவைக்கப் பியர் உதவவில்லை என்பதும் உண்மையானது.

கழகங்களிடம் நான் கேட்பது சிறியது. வெற்றிக்கும் தோல்விக்கும் பியரைக் கழகக் காசில் வாங்குவதை நிறுத்துங்கள். சுற்றுப்போட்டிக்கு அனுசரணை தேடும்போது மதுக்கடைக்காரரிடம் கை நீட்ட வேண்டாம். மேலே சொன்ன சட்டம் மதுபான விளம்பரத்தையும் அந்த வகை அனுசரணையையும் தடுக்கிறது. ஆட்டம் முடிந்ததும் ஐஸ் பெட்டியில் உப்புப் போட்ட மோரோ தேசிக்காய்த் தண்ணியோ இளநீரோ இருக்கட்டும். சோறும் மீனும் முட்டையும் தசைக்குப் போதும். தனிப்பட்ட முறையில் குடிக்கத்தான் போகிறேன் என்று நிற்பவர் ரின்னில் அச்சிட்ட வீதத்தைப் படித்து, கிராமைப் போட்டுப் பார்த்து, அன்றைக்கு மோட்டார் சைக்கிளின் திறப்பை வேறொருவர் கையில் கொடுக்கட்டும்.

கடைசியாக, உங்களிடையே நாள்தோறும் நாலைந்து ரின் குடிக்கும் நிலைக்குப் போனவர் ஒருவர் இருந்து, இந்த மடலைப் படித்து நாளைக்கே அடியோடு விடுகிறேன் என்று வீட்டுக்குள் அடைந்துகொண்டால், தயவுசெய்து தனியே விடாதீர்கள். நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அடுத்த நாளே கை நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாலாம் நாளில் ஆள் தெரியாமல் பிதற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். பேய் பிடித்தது என்று கோவிலுக்குக் கொண்டு ஓடும் நிலை அது. சில நாள் மருந்தும் பி1 விற்றமின் ஊசியும் கொடுத்து வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தால் தாண்டிவிடலாம். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அழைத்துப் போக இரண்டு பேரும் ஒரு முச்சக்கரவண்டியும் போதும்.

அன்புடன்,
உங்கள் அயலவர் ஒருவர்